உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு அறுவைக்குப் பின் வீட்டுப் பராமரிப்பு: கேள்வி பதில்

பதில் சொல்பவர் மன்னார்குடி அருகே வசிக்கும் ஒரு தாய். மேலுதட்டிலும் அண்ணத்திலும் (வாயின் மேற்கூரை) பிளவோடு பிறந்த இவருடைய மகனுக்கு இப்போது 9 வயது. ஈறில் எலும்பு வைக்கும் அடுத்த அறுவைக்காகக் காத்திருக்கிறான்.

கேள்வி (கும்பகோணம்): அக்கா, ஐந்து மாத மகளுக்கு உதடு தைத்து ஆறு நாளாகிறது. முழங்கை மடங்காதபடி கட்டிய அட்டையால் ஓயாமல் அழுகிறாள். இரவிலாவது அவிழ்த்துவிடலாமா?

பதில்: நாம் கண் அயரும் இரவில்தான் அதை அவிழ்க்கவே கூடாது. ஒன்பதாம் நாள், அழுகை பொறுக்காமல் என் மகனின் ஒரு கையை நானே அவிழ்த்துவிட்டுப் பால் காய்ச்சத் திரும்பினேன். அதற்குள் கட்டைவிரல் வாய்க்குள் போய், தையல் ஓரத்தில் மிளகளவு இரத்தம் துளிர்த்திருந்தது. தையல் பிரியவில்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை எனக்கு உயிர் என்னிடம் இல்லை.

சித்திரை வெயிலில் அட்டைக்கு அடியில் வியர்வை ஊறித் தோல் சிவக்கும் என்பதால், நைந்த வேட்டித் துணியைச் சுற்றி அதன்மேல் கட்டுங்கள். பகலில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கையை மட்டும் அவிழ்த்து, நீங்கள் பிடித்துக்கொண்டே மடக்கி நீட்டி, தோலைத் துடைத்து, மறுபடி கட்டிய பிறகே அடுத்த கையைத் தொடுங்கள். எங்களுக்கு மூன்று வாரம் சொன்னார்கள். அட்டையே வேண்டாம் என்னும் மருத்துவர்களும் உண்டு. உங்கள் மகளுக்கு அறுவை செய்தவர் சொல்வதே கணக்கு.

கேள்வி (நீடாமங்கலம்): பதினொரு மாத மகனுக்கு அண்ணம் தைத்திருக்கிறார்கள். என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

பதில்: மருத்துவர் அனுமதிக்கும்வரை, வடிகட்டிய அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால் போன்ற நீர்த்த உணவு மட்டுமே. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையின் (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, அவன் விழுங்க விழுங்கச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். கரண்டியோ உறிஞ்சுகுழலோ வாய்க்குள் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் முடிவில் கொதித்தாறிய நீரைச் சிறிது புகட்டினால் தையலில் பால் தங்காது. இரத்தம் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, குடிக்க மறுத்துச் சிறுநீர் குறைந்தாலோ விடியும்வரை காத்திராமல் புறப்படுங்கள்.

கேள்வி (திருவையாறு): பேரனின் உதட்டுக் காயத்தில் மஞ்சள் குழைத்துப் போடலாமா? கிரகணத்தன்று மருமகள் வெளியே வந்ததால்தானே இப்படி ஆயிற்று?

பதில்: மஞ்சள் வேண்டாம், அம்மா. மருத்துவர் எழுதிய களிம்பு போதும். கருவில் ஆறேழு வாரத்துக்குள் மேலுதடு கூடிவிட வேண்டும். பல பெண்களுக்குக் கரு தரித்ததே அப்போதுதான் தெரியவருகிறது. கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மருமகளிடம் அந்தப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (நாகப்பட்டினம்): உதடு தைத்து இரண்டு மாதமாகியும் தழும்பு சிவந்து தடித்திருக்கிறதே?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், வெளுத்து மென்மையாக ஓராண்டுகூட ஆகலாம். மருத்துவர் காட்டித்தந்தபடி நாள்தோறும் விரலால் அழுத்தி நீவிவிடுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): அண்ணம் தைத்த இரண்டு வயது மகள் மூக்கால் பேசுகிறாள். வளர்ந்தால் சரியாகுமா?

பதில்: தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். அண்ணப்பிளவுள்ள குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கோப்பது மிகச் சாதாரணம் என்பதால் முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். பிறகு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளின் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டு, அறுவைச் சீட்டோடு இந்த வாரமே செல்லுங்கள்.