வாசகர் கேள்வி–பதில்: மனத்துக்கு நெருக்கமான ஹெவி மெட்டல் ஆல்பங்கள்

கனத்த கித்தார் ஒலி கொண்ட ராக் இசையான ஹெவி மெட்டலில் 1970 முதல் 1990 வரை வெளிவந்த ஆல்பங்களில் உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானது எது, ஏன் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள் பட்டியலோடு நின்றுவிடாமல் கேள்விகளையும் வாதங்களையும் சேர்த்தே கொண்டுவந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பிடித்த ஆல்பத்தின் பெயரைச் சொல்வது எளிது. அதில் எந்த இடத்தில் மனம் நின்றது என்று சொன்னால்தான் அது இன்னொருவருக்கும் பயன்படும் என்பதால், கூடியவரை அந்த இடங்களையே சுட்டிக்காட்டுகிறேன்.

கேள்வி: எழுதியவர்களில் பெரும்பாலோர் பிளாக் சப்பாத் குழுவிலிருந்தே தொடங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே 1970-இல் டீப் பர்ப்பிள் குழுவின் ‘இன் ராக்’ வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே லெட் செப்பலின் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டுவிட்டது. முதலிடம் சப்பாத்துக்கு மட்டும் ஏன்?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட மூன்று குழுக்களும் இந்த இசைக்கு அடித்தளம் இட்டவைதான். எனினும் லெட் செப்பலினின் வேர் ப்ளூஸ் இசையிலும் நாட்டுப்பாடலிலும் இருந்தது. டீப் பர்ப்பிளின் வலிமை, ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கனும் ரிச்சி பிளாக்மோரின் கித்தாரும் ஒன்றையொன்று மிஞ்சப் பார்க்கும் போட்டியில் இருந்தது. இங்கிலாந்தின் பிர்மிங்ஹாமிலிருந்து வந்த சப்பாத் குழுவோ கனத்தையே இசையின் மையமாக வைத்தது. 1970 பிப்ரவரி 13 அன்று வெளியான அவர்களது முதல் ஆல்பத்தின் முதல் பாடலைக் கேளுங்கள். மழையும் தொலைவில் ஒலிக்கும் மணியும் ஓய்ந்த பிறகு கித்தார் மூன்றே சுரங்களை வாசிக்கிறது: ஷட்ஜம், அதன் மேல் ஷட்ஜம், பிறகு பிரதி மத்யமம். அந்தப் பிரதி மத்யமத்தில் கித்தார் இறங்கி நின்று நடுங்கும்போது எழும் அச்சம், அதுவரை ராக் இசை கேட்டிராத ஒன்று.

அந்தக் கனத்துக்குப் பின்னால் ஒரு விபத்தும் இருக்கிறது. கித்தார் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில் ஒரு உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் தந்திகளை அழுத்துவது அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் தந்திகளின் இறுக்கம் குறையும்படி சுருதியையும் தாழ்த்தினார். 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் அந்தத் தாழ்ந்த சுருதியின் முழு ஆழமும் கேட்கிறது. பிற்காலத்தில் டூம் மெட்டல் என்று, மெதுவான கனத்த நடை கொண்ட ஒரு கிளையே அதிலிருந்து வளர்ந்தது. ஒருவருக்கு ஒரே ஒரு சப்பாத் ஆல்பத்தைத்தான் தர முடியும் என்றால், பலரும் எழுதிய ‘பாரனாய்டை’ விட்டுவிட்டு இதைத்தான் தருவேன்.

கேள்வி: ஆஸி ஆஸ்போர்ன் இல்லாத சப்பாத்தை என்னால் ஏற்க முடியவில்லை. என் நண்பரோ ரானி ஜேம்ஸ் டியோ பாடிய ‘ஹெவன் அண்ட் ஹெல்’தான் உச்சம் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: 1979-இல் சப்பாத்தின் முதல் பாடகரான ஆஸி விலக்கப்பட்டு, அடுத்த ஆண்டே டியோவின் குரலில் அந்த ஆல்பம் வந்தபோது, பெயர் ஒன்றாக இருந்தாலும் இயற்றும் முறையே மாறிவிட்டது. ஆஸி பல பாடல்களில், திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடரான கித்தார் ரிஃபின் மெட்டையே குரலிலும் பின்தொடர்ந்தார். ‘அயன் மேன்’ அதற்குத் தெளிவான சான்று. டியோ ரிஃபுக்குக் குறுக்காகத் தனி மெட்டு ஒன்றை அமைத்துப் பாடினார். அதனால் அயோமிக்கும் புதிய இடைவெளிகள் கிடைத்தன. தலைப்புப் பாடலில் பேஸ் கித்தார் மட்டும் நடை போட, அதன் மேல் டியோவின் குரல் தனித்து எழும் இடத்தை உங்கள் நண்பர் மனத்தில் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். பாடும் திறனில் டியோவே உயர்ந்தவர் என்பது என் கருத்து. ஆனால் ஆஸியின் குரலில் இருந்த, மறைக்கத் தெரியாத பதற்றத்தை வேறு எவராலும் தர முடியவில்லை. 2025 ஜூலை 5 அன்று பிர்மிங்ஹாமின் வில்லா பார்க் மைதானத்தில் முதல் நால்வரும் மீண்டும் ஒன்றாக வாசித்தார்கள். அதே மாதம் 22-ஆம் தேதி ஆஸி மறைந்தார். உட்கார்ந்தபடியே பாடிய அந்தக் கடைசிக் கச்சேரியைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கேள்வி: அயன் மெய்டன் ரசிகர்கள் எங்கள் வட்டத்தில் மூன்று அணிகளாகப் பிரிந்திருக்கிறோம். ‘தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்’, ‘பவர்ஸ்லேவ்’, ‘செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்’ ஆகிய மூன்றில் எது சிறந்தது? காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.

பதில்: ‘பவர்ஸ்லேவ்’. 1982-இல் வந்த ‘நம்பர் ஆஃப் த பீஸ்ட்’ பாடகர் புரூஸ் டிக்கின்சனின் வருகையை அறிவித்த ஆல்பம். அதன் கடைசிப் பாடலில், தூக்குமேடைக்குச் செல்லக் காத்திருக்கும் கைதியின் மனநிலை மெல்லிய தொடக்கத்திலிருந்து படிப்படியாக ஓங்குவது ஈடற்றது. ஆனாலும் நடுவே ஓரிரு பாடல்கள் தரத்தில் இறங்குகின்றன. 1988-இன் ‘செவன்த் சன்’ கீபோர்டு ஒலியைத் துணிந்து சேர்த்து, எதிர்காலத்தைக் காணும் ஆற்றலோடு பிறந்த ஒருவனின் கதையைத் தொடர்ச்சியாகச் சொல்கிறது. மூன்றில் மிக நுட்பமாகக் கட்டப்பட்டது அதுவே என்று வாதிடுவோரை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இருந்தும் 1984-இன் ‘பவர்ஸ்லேவ்’ என்னை வெல்வதற்குக் காரணம், அந்தக் குழு முந்தைய ஆல்பத்தின் அதே ஐவரோடு அடுத்த ஆல்பத்தையும் பதிவுசெய்தது அதுவே முதல் முறை என்பதும், அந்தப் பழக்கத்தின் பயன் ஒவ்வொரு பாடலிலும் கேட்பதும்தான். ஸ்டீவ் ஹாரிஸ் பேஸ் கித்தாரை விரல்களால் மீட்டி எழுப்பும் குதிரைப் பாய்ச்சல் போன்ற தாளமும், கித்தார் கலைஞர்கள் டேவ் மரே, ஏட்ரியன் ஸ்மித் இருவரும் ஒரே மெட்டை இரு வேறு சுர நிலைகளில் சேர்ந்து வாசிக்கும் அழகும் அதில் முழுமை அடைகின்றன. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கடற்பயணக் கவிதையைத் தழுவிய கடைசிப் பாடல் பதின்மூன்று நிமிடங்களைத் தாண்டுகிறது. அதன் நடுவில் காற்று நின்று கப்பல் அசையாமல் கிடக்கும் இடத்தில் டிரம்ஸ் அடங்கிவிடுகிறது. பலகைகளின் முனகலும் பேஸ் கித்தாரின் மெல்லிய நடையும் மட்டும் எஞ்ச, கவிதையின் வரிகள் பேச்சாக ஒலிக்கின்றன. அந்த நீண்ட அமைதியைப் பொறுமையோடு கேட்டவருக்கே, பிறகு இசை மீண்டும் எழும் வேகம் முழுமையாகக் கிட்டும். பாடலைத் தாண்டித் தாண்டிக் கேட்பவர்கள் இதை இழந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கேள்வி: ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவில் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ போதுமா, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?

பதில்: போதாது. 1980-இன் ‘பிரிட்டிஷ் ஸ்டீல்’ சுருக்கமான, நேரடியான பாடல்களால் பெருங்கூட்டத்தைக் கவர்ந்தது. அதன் ஒலிப்பதிவில் கண்ணாடி உடையும் ஓசைக்காகப் பால் பாட்டில்களை உடைத்தார்கள். ‘மெட்டல் காட்ஸ்’ பாடலில் வரும் உலோக மனிதர்களின் நடைக்காகக் கரண்டிகள் நிறைந்த தட்டைக் குலுக்கினார்கள். ஆனால் ப்ளூஸின் சாயலை உதறிவிட்டு மெட்டல் தனி மொழியாக நிமிர்ந்ததை அறிய 1976-இன் ‘சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி’யையும் 1978-இன் ‘ஸ்டெயின்ட் கிளாஸை’யும் கேட்க வேண்டும். பிறகு நேராக 1990-இன் ‘பெயின்கில்லருக்கு’ வாருங்கள். ஸ்காட் டிராவிஸின் டிரம்ஸ் தொடக்கமே அறிமுகத்துக்குப் போதும்.

கேள்வி: என் மகன் நாள் முழுவதும் இந்தப் பாடல்களையே கேட்கிறான். ஆல்பங்களின் அட்டையில் மண்டை ஓடுகளும் பேய்களும் இருக்கின்றன. ஒரு தாயாக நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: உங்கள் கவலை புதியதன்று, அம்மா. 1990-இல் அமெரிக்காவின் ரீனோ நகரில், இரு இளைஞர்களின் துயர முடிவுக்கு ஜூடாஸ் ப்ரீஸ்ட் பாடலில் ஒளிந்திருந்த கட்டளையே காரணம் என்று குடும்பத்தினர் தொடர்ந்த வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதி குழுவுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தார். அட்டையைக் காட்டிலும் பாடல் வரிகளைப் பாருங்கள். சப்பாத்தின் ‘வார் பிக்ஸ்’, ஏழைகளைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒதுங்கிக்கொள்ளும் தலைவர்களைச் சாடுகிறது. மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ போதைப்பொருள் மனிதனை ஆட்டிவைப்பதை, அந்தப் போதையே பேசுவதுபோலச் சொல்கிறது. அவர்களுடைய ‘ஒன்’, போரில் கைகால்களையும் புலன்களையும் இழந்த படைவீரனின் உள்ளக் குரல். எல்லாக் குழுக்களும் இந்தத் தரத்தில் எழுதியதில்லை. வெறும் அதிர்ச்சிக்காக எழுதப்பட்டவையும் உண்டு. மகனோடு உட்கார்ந்து, அவனுக்குப் பிடித்த ஒரு பாடல் எதைப் பற்றியது என்று கேளுங்கள். அவனே ஆர்வமாக விளக்குவான்.

கேள்வி: மெட்டாலிக்காவை ‘கிளாசிக்’ என்று சேர்க்கலாமா? அவர்கள் த்ராஷ் குழு அல்லவா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். த்ராஷ் என்பதும் வேகம் மிகுந்த ஒரு மெட்டல் கிளைதான். 1986 என்ற ஒரே ஆண்டில் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’, மெகாடெத்தின் ‘பீஸ் செல்ஸ்’, இருபத்தொன்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் ப்ளட்’ மூன்றும் வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் மெட்டாலிக்காவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். ‘ஓரியன்’ என்ற வாய்ப்பாட்டில்லாத இசையில் அவர் பேஸ் கித்தாரைத் தனிக்குரலாகப் பாடவைத்ததைக் கேட்டுவிட்டு, பேஸ் ஒலியே ஏறத்தாழக் கேட்காத அடுத்த ஆல்பத்துக்குப் போனால், இழப்பின் அளவு தெரியும்.

கேள்வி: எல்லோரும் அறிந்த பெயர்களையே திரும்பத் திரும்பப் படிக்கிறோம். அதிகம் பேசப்படாதவற்றையும் சொல்லுங்களேன்.

பதில்: டயமண்ட் ஹெட் குழு 1980-இல் பெயர்கூட அச்சிடாத வெள்ளை உறையில் தாங்களே வெளியிட்ட ‘லைட்னிங் டு த நேஷன்ஸ்’ முதலில் வருகிறது, மெட்டாலிக்கா அதன் பாடல்களை மீண்டும் வாசித்தது, பட்ட கடனை ஒப்புக்கொண்டதற்குச் சமம். டென்மார்க்கின் மெர்சிஃபுல் ஃபேட் 1983-இல் தந்த ‘மெலிசா’வில், பாடகர் கிங் டயமண்டின் பொய்க்குரல் சிலருக்கு முதலில் ஒவ்வாது, கித்தார்களைப் பற்றிக்கொண்டு கேட்டால் குரலும் பழகிவிடும். ஸ்வீடனின் கேண்டில்மாஸ் 1986-இல் பதிவுசெய்த முதல் ஆல்பம், அயோமியின் மெதுவான நடையை ஆலயத்தின் கம்பீரத்தோடு சேர்க்கிறது. அமெரிக்காவின் மனிலா ரோடு குழுவின் ‘கிரிஸ்டல் லாஜிக்’ (1983) எளிய ஒலிப்பதிவுதான். ஆனால் மார்க் ஷெல்டனின் கித்தாருக்கு அது தடையாகவே இல்லை. பெண்கள் மட்டுமே கொண்ட கேர்ல்ஸ்கூல் குழுவின் ‘டெமாலிஷன்’ (1980) பற்றி ஒருவர்கூட எழுதாதது எனக்கு வியப்பு.

கேள்வி: பழைய ஆல்பங்களின் ரீமாஸ்டர் பதிப்புகளை வாங்கலாமா?

பதில்: பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். பழைய பதிவின் ஒலியைச் சீரமைத்து ரீமாஸ்டர் செய்யும்போது ஒட்டுமொத்த ஒலியையும் உயர்த்தினால், மெல்லிய இடத்துக்கும் ஓங்கிய இடத்துக்கும் உள்ள வேறுபாடு சுருங்கிவிடும். மேலே சொன்ன ‘பவர்ஸ்லேவ்’ போன்ற ஆல்பத்துக்கு அது பெரும் இழப்பு. இன்னும் மோசமான எடுத்துக்காட்டு, சப்பாத்தை விட்டு வந்த ஆஸியின் ‘பிளிஸர்ட் ஆஃப் ஆஸ்’. 2002-இல் வந்த மறுபதிப்பில் பாப் டெய்ஸ்லியின் பேஸ் வாசிப்பையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் நீக்கிவிட்டு, வேறு கலைஞர்களை வைத்து அப்பகுதிகளைப் புதிதாகப் பதிவுசெய்திருந்தார்கள். கித்தார் கலைஞர் ராண்டி ரோட்ஸ் யாரோடு சேர்ந்து வாசித்தாரோ அவர்களே அதில் இல்லை. 2011 பதிப்பில் மூல வாசிப்பு மீட்கப்பட்டுவிட்டது. ஆகவே அதையோ, 1980-இன் பழைய இசைத்தட்டையோ தேடி வாங்குங்கள்.