பிஎம்எஸ் ப்ராஜெக்ட் வேலையில் பையன் சேரலாமா? ஒரு பெற்றோரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: மகன் ட்ரிபிள் இ முடித்திருக்கிறான். சென்னையில் ஒரு நிறுவனத்தில் 'பிஎம்எஸ் ப்ராஜெக்ட் ட்ரெய்னி' என்று ஆஃபர் வந்திருக்கிறது. கட்டி முடியாத கட்டடத்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒயர் இழுக்கிற வேலை என்கிறார்கள். சொந்தக்காரர்கள் ஐடி கோர்ஸில் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். இந்த வேலையில் மேலே வர முடியுமா?

பதில்: வர முடியும் அம்மா, ஒரு நிபந்தனையோடு. பிஎம்எஸ் என்பது பில்டிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம், கட்டடத்தின் இயந்திரங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஏற்பாடு. முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் ஒரு கட்டடத்தையாவது பாயிண்ட் லிஸ்டில் (கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டிய சிக்னல்களின் பட்டியல்) தொடங்கி ஹேண்டோவர் வரை, அதாவது முடித்து ஒப்படைக்கும் வரை, உங்கள் மகன் முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆகிறார். கேபிள் இழுக்கும் கேங்கை மேய்ப்பதிலேயே ஐந்து வருடம் கழித்தவர் சூப்பர்வைசராகவே நின்றுவிடுகிறார். ஆஃபர் லெட்டரில் இரண்டு பேருக்கும் ஒரே பதவிப் பெயர்தான் இருக்கும். எந்தப் பக்கம் போகிறோம் என்பதை விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். ஓஎம்ஆரில் நிற்கும் ஒரு பத்து மாடி ஆபீஸ் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், பம்ப், கூலிங் டவர், மாடிக்கு இரண்டு ஏஹெச்யூ (அந்தக் குளிர்நீரால் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் இயந்திரம்), ஜெனரேட்டர், எனர்ஜி மீட்டர் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் பார்த்து இயக்குவதுதான் பிஎம்எஸ். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பக்கத்தில் டிடிசி என்னும் சிறு கன்ட்ரோலர் இருக்கும். அது சென்சாரைப் படித்து வால்வையும் மோட்டாரையும் இயக்கும். மின்சாரம், ஏசி, நெட்வொர்க், கொஞ்சம் ப்ரோக்ராமிங் எல்லாம் கலந்த வேலை. ட்ரிபிள் இ, இ அண்ட் ஐ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்), மெக்கானிக்கல் மூன்றிலிருந்தும் வருகிறார்கள். பாலிடெக்னிக் முடித்தவர்களும் நிறைய.

ப்ராஜெக்டின் உயிர் பாயிண்ட் லிஸ்டில் இருக்கிறது. சைட்டில் ஐஓ சம்மரி என்பார்கள். ஒரு ஏஹெச்யூவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடுகிறதா, ட்ரிப் ஆனதா, செலக்டர் ஆட்டோவில் இருக்கிறதா, ஃபில்டர் அடைத்ததா என, ஆம் இல்லை மட்டும் சொல்லும் நான்கு டிஜிட்டல் இன்புட். ஸ்டார்ட் ஸ்டாப்புக்கு ஒரு டிஜிட்டல் அவுட்புட். சப்ளை காற்றின் வெப்பநிலை, ரிட்டர்ன் காற்றின் வெப்பநிலை, கார்பன் டை ஆக்சைடு அளவு, விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) வேகம் என, அளவைச் சொல்லும் நான்கு அனலாக் இன்புட். குளிர்நீர் வால்வுக்கும் விஎஃப்டிக்கும் இரண்டு அனலாக் அவுட்புட். மொத்தம் 11. இருபது ஏஹெச்யூவுக்கு 220. இருபது சதவீதம் ஸ்பேர் சேர்த்தால் 264. இந்த எண்ணிலிருந்துதான் எத்தனை கன்ட்ரோலர், எத்தனை பேனல், எவ்வளவு கேபிள், எவ்வளவு பணம் எல்லாம் பிறக்கிறது. லிஸ்டில் ஒரு வரி விட்டுப்போனால் கடைசியில் ஸ்பேர் தீர்ந்து, ஒரே ஒரு பாயிண்டுக்காகப் புது மாட்யூல் ஆர்டர் போட்டு, அது வர வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஸ்பேர் வைக்காமல் டெண்டரில் விலையைக் குறைத்தவர்கள் படும் பாடு இது.

அடுத்தது சீக்வென்ஸ் ஆஃப் ஆபரேஷன், எது எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று எழுதிய தாள். சில்லரை ஓட்டுவதற்கு முன் அதன் வால்வுகள் திறக்க வேண்டும், கண்டென்சர் பம்பும் பிரைமரி பம்பும் ஓட வேண்டும், தண்ணீர் ஓடுவதை ஃப்ளோ ஸ்விட்ச் உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகுதான் சில்லருக்கு அனுமதி. நிறுத்தும்போது சில்லர் முதலில், பம்ப் சில நிமிடம் கழித்து. தலைகீழாக எழுதினால் சில்லர் லோ ஃப்ளோ ட்ரிப் அடித்துக்கொண்டே இருக்கும். இந்தத் தாளில் கன்சல்டண்ட் கையெழுத்து வாங்காமல் ப்ரோக்ராம் எழுதத் தொடங்குவது பெரிய மடத்தனம். ஆனாலும் அவசரத்தில் பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. கமிஷனிங் நாளில், அதாவது எல்லாவற்றையும் சோதித்து ஓட்டிக் காட்டும் நாளில், "நான் கேட்டது இது இல்லையே" என்று கன்சல்டண்ட் சொல்லும்போது காட்ட ஒரு தாள் கையில் இருக்காது.

பிஎம்எஸ் ப்ராஜெக்டில் தாமதத்தில் பெரும்பங்கு நம்முடையதாக இருக்காது, பழி மட்டும் நம் தலையில் விழும். காரணம் எளிது. கட்டடத்தில் கடைசியாக உயிர்பெறுவது இந்த சிஸ்டம்தான். மற்றவர் வேலை முடிந்தால்தான் இது ஓடும். எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் ஸ்டார்ட்டர் பேனலில் ஆட்டோ மேனுவல் செலக்டரும் பொட்டென்ஷியல் ஃப்ரீ கான்டாக்டும் (தன்னில் மின்னழுத்தம் இல்லாமல் நிலையை மட்டும் சொல்லும் ஸ்விட்ச்) வைக்க வேண்டும். பேனல் ஃபேக்டரியில் இருக்கும்போதே சொல்லவில்லையென்றால், சைட்டுக்கு வந்தபின் ரிலே சேர்க்க யார் பணம் கொடுப்பது என்று சண்டை தொடங்கும். குளிர்நீர்க் குழாயில் சென்சார் நுழைக்கும் தெர்மோவெல் சாக்கெட்டை, பைப்பிங் காண்ட்ராக்டர் ஹைட்ரோ டெஸ்டுக்கு (தண்ணீர் அழுத்தத்தில் கசிவு பார்க்கும் சோதனை) முன்பே வெல்டு செய்துவிட வேண்டும். தண்ணீர் நிரப்பி இன்சுலேஷனும் போட்டபின் கேட்டால் லைனை வடிக்க வேண்டும், ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குளிர்நீர் சுமந்து செல்லும் குளிர்ச்சியை அளக்கும் பிடியூ மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நேர்க்குழாய் வேண்டும் என்று பல மாடல்கள் கேட்கும். 200 மிமீ குழாய் என்றால் முன்னால் மட்டும் 2 மீட்டர். ஷாப் டிராயிங்கில் அந்த இடத்தைப் பிடித்து வைக்காவிட்டால் அங்கே ஒரு எல்போ வளைவு வந்து உட்கார்ந்துவிடும். ஐபி அட்ரஸ் ஐடி துறையிடமிருந்து, ஃபால்ஸ் சீலிங் மூடும் தேதி இன்டீரியர்காரரிடமிருந்து. இதையெல்லாம் ஒரே தாளில் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி, வாராவாரம் மீட்டிங்கில் மினிட்ஸில் ஏற்றுபவர்தான் நல்ல ப்ராஜெக்ட் மேனேஜர். தொழில்நுட்பத்தைவிட இதற்குத்தான் சம்பளம் என்றுகூடச் சொல்வேன்.

இனி அந்த 'ஒயர் இழுக்கிற' வேலை. அதைக் கேவலமாக நினைக்காதீர்கள், அங்கேதான் கண் பழகும். கன்ட்ரோலர்களை இணைக்கும் ஆர்எஸ் 485 என்னும் தகவல் லைன் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என டெய்சி செயினாகத்தான் போக வேண்டும். நடுவில் கிளை பிரித்தால் சிக்னல் கெடும். நீளம் அதிகபட்சம் சுமார் 1200 மீட்டர். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். கேபிளைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். பவரை ஆஃப் செய்து மல்டிமீட்டரை பிளஸ், மைனஸில் வைத்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் யாரோ நடுவில் மூன்றாவதாக ஒன்று போட்டிருக்கிறார்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் சாஃப்ட்வேரில் இரண்டு நாள் தேடுகிறவர்கள் உண்டு. விஎஃப்டியின் பவர் கேபிளும் இந்த லைனும் ஒரே ட்ரேயில் ஒட்டிப் போனால் கன்ட்ரோலர்கள் நினைத்து நினைத்து ஆஃப்லைன் ஆகும். அதனால்தான் பல ஸ்பெக்கில் 300 மிமீ இடைவெளி கேட்கிறார்கள். 24 வோல்ட் ஏசியில் இரண்டு கருவிகளுக்கு ஒரே டிரான்ஸ்ஃபார்மர் கொடுக்கும்போது ஒன்றில் மட்டும் லைனும் காமனும் மாறிப்போனால், கருவி புகையும் அல்லது ஃப்யூஸ் போகும். ஃபெரூல் நம்பர் (ஒயர் முனையில் மாட்டும் அடையாள எண்) போடாத பேனலில் இதைக் கண்டுபிடிப்பது தலைவலி.

கமிஷனிங்கை அவசரப்பட்டு ஒரே வாரத்தில் முடிப்பதாகச் சொல்லும் நிறுவனத்தைச் சந்தேகப்படுங்கள். முதலில் பாயிண்ட் டு பாயிண்ட், அதாவது லிஸ்டில் உள்ள ஒவ்வொரு பாயிண்டையும் தனித்தனியாகச் சோதிப்பது. பிடி 1000 என்னும் வெப்பநிலை சென்சார் 25 டிகிரியில் சுமார் 1097 ஓம் காட்ட வேண்டும். திரையில் வருவதும் கையில் உள்ள தெர்மாமீட்டரும் ஒத்துப்போக வேண்டும். வால்வுக்கு 50 சதவீதம் கொடுத்தால் ஆக்சுவேட்டர் பாதியில் நிற்கிறதா என்று ஒருவர் அங்கே போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். திரையில் திறந்திருப்பதாகக் காட்டும் வால்வு, கப்ளிங் ஸ்க்ரூ இறுக்காததால் குழாயில் மூடியே இருப்பது சாதாரணமாக நடப்பது.

பிறகு மற்ற சிஸ்டங்களோடு இன்டக்ரேஷன். எனர்ஜி மீட்டரின் அளவுகள் மாட்பஸ் என்னும் தகவல்தொடர்பு முறையில் வரும், ஒவ்வொரு அளவுக்கும் ரிஜிஸ்டர் என்று ஒரு முகவரி எண் உண்டு. ரிஜிஸ்டர் எண் ஒன்று தள்ளிப்போனாலோ 32 பிட் எண்ணின் இரு பாதிகள் இடம் மாறினாலோ 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பூஜ்யமோ அர்த்தமில்லாத எண்ணோ வரும். மீட்டர் பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் இன்னொரு முறையான பேக்நெட்டில் இரண்டு கன்ட்ரோலருக்கு ஒரே டிவைஸ் இன்ஸ்டன்ஸ் (அடையாள) எண் கொடுத்துவிட்டால் ஒன்று தெரியும், ஒன்று மறையும்.

ஃபயர் சிக்னல் தனிக் கதை. ஃபயர் பேனலிலிருந்து ஏஹெச்யூ ஸ்டார்ட்டருக்கு நேராக ஒயர் போய் ஃபேனை நிறுத்த வேண்டும், பிஎம்எஸ் அதைத் தெரிந்துகொண்டால் போதும். சாஃப்ட்வேர் வழியாகத்தான் நிற்கும் என்று எவராவது டிசைன் செய்திருந்தால் உங்கள் மகன் ட்ரெய்னியாக இருந்தாலும் கை தூக்கிக் கேள்வி கேட்க வேண்டும்.

எல்லாம் ஓடிய பிறகும் பணம் தானாக வராது. ஆஸ் பில்ட் டிராயிங் (உண்மையில் செய்து முடித்தபடி வரைந்த படம்), டெஸ்ட் ரிப்போர்ட், ஆபரேஷன் மேனுவல், ப்ரோக்ராம் பேக்கப், பாஸ்வேர்டு, ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி இதெல்லாம் கொடுத்து ஸ்னாக் லிஸ்டை (மிச்சக் குறைகளின் பட்டியல்) மூடினால்தான் ஹேண்டோவர் சர்டிஃபிகேட். பில்லில் 5 முதல் 10 சதவீதம் ரிடென்ஷனாகப் பிடித்து, பழுது பொறுப்புக் காலம் முடிந்தபின் தருவது வழக்கம். அந்தக் காலம் பெரும்பாலும் 12 மாதம்.

ஆகவே சேருவதற்கு முன் ஹெச்ஆரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள். கமிஷனிங் டீம் உங்களுடையதா, சப் காண்ட்ராக்டா? ட்ரெய்னிக்கு லேப்டாப்பும் சாஃப்ட்வேர் லைசென்சும் தருவீர்களா? எத்தனை மாதத்தில் ப்ரோக்ராமிங் பக்கம் அனுப்புவீர்கள்? வெளியூர் சைட் என்றால் தங்குமிடம், சைட் அலவன்ஸ், பிஎஃப், விபத்துக் காப்பீடு உண்டா? பாண்ட் கேட்கிறார்களா, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைப்பார்களா? சர்டிஃபிகேட்டைப் பிடிக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். "லேப்டாப் எதற்கு, சைட்டில் ஆள் பார்த்தால் போதும்" என்று பதில் வந்தால் அங்கே மேலே வர வழி குறைவு.

சர்டிஃபிகேட் கோர்ஸ் இப்போது வேண்டாம். ஒரு வருட சைட் அனுபவத்துக்குப் பிறகு நயாகரா 4 என்னும் பிஎம்எஸ் சாஃப்ட்வேருக்கான சான்றிதழ் எடுத்தால் பல பிராண்டுகளிலும் உதவும், வளைகுடாவிலும் மதிப்பு உண்டு. பிஎம்பி என்னும் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழ்த் தேர்வுக்கு, நான்கு வருடப் பட்டம் உள்ளவரிடமே 36 மாதம் ப்ராஜெக்டை நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள். இப்போதே கட்டணம் வாங்கிக்கொண்டு பிஎம்பி ஆக்கிவிடுகிறேன் என்கிற சென்டர்களிடம் போகாதீர்கள். ஐடி கோர்ஸ் வேண்டுமென்றால் நெட்வொர்க்கிங் அடிப்படை மட்டும் படிக்கட்டும். பேக்நெட் ஐபியில் 47808 போர்ட் ஃபயர்வாலில் மூடியிருந்தால் கன்ட்ரோலர் ஏன் தெரியவில்லை என்று ஐடி துறையிடம் பேச அது போதும்.

சேர இன்னும் நாள் இருந்தால், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டரின் கன்ட்ரோல் ஒயரிங்கைத் தாளில் வரையவும், 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலை வெப்பநிலையாக மாற்றும் கணக்கைப் போடவும் பழகட்டும். இன்டர்வியூவிலும் அதைத்தான் கேட்பார்கள், சைட்டில் முதல் வாரமும் அதுதான்.