தானியங்கி கிரிப்டோ வர்த்தகம்: கையொப்பத்துக்கு முந்தைய சரிபார்ப்புகள் – கேள்வி பதில்

கேள்வி: வாங்கும் விலையையும் அளவையும் வர்த்தக உத்தியை எழுதிய நிரலிலேயே சரிபார்க்கிறேன். அது போதாதா?

பதில்: போதாது. உத்தியில் பிழை இருந்தால், அதனுள்ளேயே இருக்கும் சரிபார்ப்பும் அதே தவறான எண்களை நம்பித் தலையாட்டும். பரிவர்த்தனைகளில் கையொப்பமிடப் பயன்படும் ரகசியக் குறியீடான தனிச்சாவியை வேறொரு சிறிய நிரலிடம் ஒப்படையுங்கள். ஒரு பரிவர்த்தனைக்கான வரம்பு, ஒரு நாளுக்கான வரம்பு, அனுமதிக்கப்பட்ட ஒப்பந்தங்களின் (கிரிப்டோ வலையமைப்பில் தாமாக இயங்கும் நிரல்கள்) முகவரிகள் ஆகியவற்றைப் பார்த்து, ஏதேனும் ஒன்று பொருந்தாவிட்டாலும் அது கையொப்பமிட மறுக்க வேண்டும். மொத்தத்தையும் உடனே நிறுத்த ஒரு வழியும் தேவை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் நிறுவனத்தின் எட்டு சர்வர்களில் ஒன்றில் பழைய நிரல் தங்கிவிட்டதால், சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு ஏற்பட்டது. அது பங்குச் சந்தை. கிரிப்டோவிலோ, பிளாக்கில் (பொதுப் பதிவேட்டில் சேரும் பரிவர்த்தனைத் தொகுதி) ஏறிய பரிவர்த்தனையைத் திரும்பப் பெற ஆளே இல்லை.

கேள்வி: டோக்கன்களை (கிரிப்டோ நாணயங்களை) ஒப்பந்தங்கள் வழியே மாற்றிக்கொள்ளும் தளமான யூனிஸ்வாப்பில் குறைந்தபட்சப் பெறுதொகையைப் பூஜ்யம் என்று வைத்தால் பரிவர்த்தனைகள் தோற்பதில்லை. இதில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. எந்த விலைக்கும் சம்மதம் என்று எழுதிக் கொடுப்பதற்கு அது சமம். காத்திருக்கும் உங்கள் பரிவர்த்தனையைப் பார்ப்பவர், அதற்கு முன்னால் வாங்கி விலையை ஏற்றி, பின்னால் விற்றுவிடுவார். இதையே சாண்ட்விச் தாக்குதல் என்கிறார்கள். பலர் தவறுவது இன்னொரு இடத்தில்: பரிவர்த்தனை நடக்கும் கணத்தில் அதே பூலின் (மாற்றிக்கொள்வதற்காக இரு டோக்கன்கள் சேர்த்து வைக்கப்பட்ட இருப்பு) விலையை ஒப்பந்தத்துக்குள்ளேயே படித்து அந்த வரம்பைக் கணக்கிட்டால், ஏற்கெனவே திரிக்கப்பட்ட விலையே அளவுகோலாகிவிடும். ஆகவே வரம்பை வெளியே, வேறொரு விலை ஆதாரத்தைக் கொண்டு முன்கூட்டியே தீர்மானியுங்கள். காலக்கெடுவையும் அப்படியே வெளியிலிருந்து கொடுங்கள். ஒப்பந்தத்துக்குள் பிளாக்கின் நேரத்தையே கெடுவாக வைத்தால் அது ஒருபோதும் காலாவதியாகாது.

கேள்வி: முன்னோட்டமாக இயக்கிப் பார்த்தபோது சரியாக இருந்த பரிவர்த்தனை, அனுப்பியபின் ஏன் தோற்றது?

பதில்: முன்னோட்டம் அந்தக் கணத்து நிலையை மட்டுமே காட்டும். எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பில் 12 விநாடிக்கு ஒரு பிளாக் வரலாம். அதற்குள் பூல் மாறிவிடும். உங்கள் வரம்பு மீறப்பட்டதால் தோற்றதென்றால், காவல் தன் வேலையைச் செய்திருக்கிறது.

கேள்வி: எக்ஸ்சேஞ்சிடமிருந்து பதில் வராததால் ஆர்டரை மீண்டும் அனுப்பினேன், இரண்டும் நிறைவேறிவிட்டன. எப்படித் தடுப்பது?

பதில்: பதில் வரவில்லை என்பதற்கு ஆர்டர் போகவில்லை என்று பொருளல்ல. அனுப்பும் முன்பே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கிச் சேமித்து, ஆர்டருடன் அனுப்புங்கள். ஐயம் வந்தால் அந்த எண்ணின் நிலையை முதலில் விசாரியுங்கள். எத்தீரியத்தில் அதே நான்ஸுடன் (உங்கள் கணக்கின் பரிவர்த்தனை வரிசை எண்) மீண்டும் அனுப்பினால் இரண்டில் ஒன்று மட்டுமே பிளாக்கில் ஏறும்.

கேள்வி: என் டோக்கனை எடுத்துச் செலவிட ஓர் ஒப்பந்தத்துக்கு வரம்பற்ற அனுமதி கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஒப்பந்தத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், நீங்கள் வர்த்தகத்துக்கு ஒதுக்காத இருப்பும் சேர்ந்தே போய்விடும். தேவையான தொகைக்கு மட்டும் கொடுங்கள்; தொகையை எழுதும்போது, டாலர் மதிப்பைப் பின்பற்றும் டோக்கனான யுஎஸ்டிசிக்கு எத்தீரியத்தில் 6 தசம இடங்கள், எத்தீரியத்தின் நாணயமான ஈதருக்கு 18 என்பதையும் பாருங்கள்.