பழைய ஃப்ரியான் ராக்கெட் கைக்கு வந்தால்

தம்பி, அமெரிக்கா வந்த மூன்றாம் மாதமே ஏலத்தில் வாஷான் வால்கிரி என்ற பழைய மாடல் ராக்கெட் செட் ஒன்றை எடுத்துவிட்டீர்கள்: அலுமினிய டேங்க், பிளாஸ்டிக் துடுப்புகள், விளிம்பில் துரு ஏறிய ஒரு வாயு கேன். பறக்கவிடலாமா, ஊருக்குப் போகும்போது கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். காலி டேங்கை வால்வைக் கழற்றித் திறந்த நிலையில் பெட்டியில் வைக்கலாம். வாயு உள்ள கேன் விமானத்தில் ஏறாது.

வாஷான் இண்டஸ்ட்ரீஸ் வாஷிங்டன் மாநிலத்து நிறுவனம். 1970-ஐ ஒட்டி வால்கிரி வரிசையை விற்றது. பிறகு அந்தத் தொழில்நுட்பம் மாடல் ராக்கெட் நிறுவனமான எஸ்டெஸிடம் போய் ‘கோல்ட் பவர்’ என்ற பெயரில் வந்தது. இதில் எரிவது எதுவும் இல்லை. டேங்கில் திரவமாக நிற்கும் ஃப்ரியான்-12 என்ற குளிர்பதன வாயு தன் ஆவி அழுத்தத்தாலேயே நாசில் வழியாகப் பீய்ச்சியடிக்கும். அவ்வளவுதான் எஞ்சின்.

அந்த வாயுதான் இன்றைய சிக்கல். ஓசோனைத் தின்னும் சி.எஃப்.சி. (குளோரோஃப்ளோரோகார்பன்) வகை என்பதால் இங்கே அதன் உற்பத்தி 1995 முடிவோடு நின்றது. மிச்சம் இருப்பதை வாங்கவும் சான்றிதழ் பெற்ற ஏசி மெக்கானிக்காக இருக்க வேண்டும். ஆகவே உங்கள் கேனைத் திறக்காதீர்கள். கசிந்திருக்கிறதா என்று அறிய எடை போட்டு லேபிளில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள். கேனின் தகடு மடித்து இணைந்த தையலில் துரு குழி விழுந்திருந்தால் வீட்டில் வைக்காமல், குளிர்பதன வாயுவைத் திரும்பப் பெறும் கடையில் கொடுத்துவிடுங்கள். தையல் சுத்தமாக இருந்தால் அலமாரிக்கு. வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம்.

பறக்கவிட ஆர்-134ஏ என்ற கார் ஏசி வாயுவைப் பயன்படுத்துங்கள். கார் உதிரிபாகக் கடையில் 12 அவுன்ஸ் கேனாகக் கிடைக்கும். அழுத்தம் கிட்டத்தட்ட பழைய ஃப்ரியானுடையதேதான் (பிஎஸ்ஐ என்றால் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு): 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 68 பிஎஸ்ஐ (நினைவில் வைக்க இதைவிட வசதி உண்டா!), 32 டிகிரியில் 28, 104 டிகிரியில் 133. குளிர்காலத்தில் உந்துவிசை பாதி அளவுக்கும் கீழே போய்விடும். ராக்கெட் ஏவுகம்பியை விட்டு மெதுவாகக் கிளம்பிக் காற்று வரும் திசைப் பக்கம் சாயும். 75 டிகிரிக்கு மேல் உள்ள, காற்றில்லாத நாளுக்குக் காத்திருங்கள். கேனில் ‘ஸ்டாப் லீக்’ கலந்ததையோ எண்ணெய் கலந்ததையோ வாங்காதீர்கள். ஓட்டை அடைக்கும் அந்தப் பசை நாசிலையும் அடைக்கும். தூசி ஊதும் டப்பாக்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-152ஏ தீப்பற்றும், அதைத் தொடாதீர்கள்.

ஐம்பது வருஷத்து டேங்கை நம்பக் கூடாது. முதலில் வெர்னியர் அளவுகோலால் விட்டத்தை மூன்று இடத்தில் அளந்து குறியுங்கள். பிறகு உள்ளே ஒரு குமிழி காற்றுகூட இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கையால் இயக்கும் பம்பால் 200 பிஎஸ்ஐ வரை ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். காற்றால் சோதிக்கவே கூடாது. தண்ணீர் நிரம்பிய டேங்க் பிளந்தால் சொட்டும், காற்று நிரம்பியது வெடிக்கும். அழுத்தத்தை இறக்கிய பின் விட்டம் கூடியிருந்தாலோ, மடிப்பில் ஈரம் கசிந்தாலோ அதுவும் அலமாரிக்கு. தேறினால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அலசி இரண்டு நாள் காயவிடுங்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் மிஞ்சினாலும் வாயு பீய்ச்சும்போது அது உறைந்து நாசிலில் ஐஸாக உட்காரும்.

ரப்பர் அனைத்தையும் மாற்றுங்கள். பழைய ஓ-ரிங்கை அளந்து புதியது வாங்காதீர்கள், அது நசுங்கியோ உப்பியோ இருக்கும். அது உட்காரும் பள்ளத்தை அளங்கள். கார் ஏசிக்கென்று விற்கும் பச்சை ஹெச்.என்.பி.ஆர். ரப்பர் ஓ-ரிங் இதற்குப் பொருந்தும். மெல்லிய சிலிகான் கிரீஸ் போதும். ராக்கெட்டை இறக்கும் பாராசூட் குடையைத் தள்ளுவதும் வாயு அழுத்தம்தான் என்பதால், கொஞ்சம் வாயு அடைத்துத் தரையிலேயே பலமுறை குடை வெளிவருகிறதா பாருங்கள். ஒருமுறை சிக்கினாலும் பறக்க வேண்டாம்.

நிரப்பும் அளவு டேங்கின் கொள்ளளவில் 80 சதவீதம், அதற்கு மேல் போகக் கூடாது. கொள்ளளவைத் தண்ணீர் எடையால் கண்டுபிடியுங்கள், ஒரு கிராம் ஒரு மில்லி. 100 மில்லி டேங்க் என்றால் 98 கிராம் ஆர்-134ஏ. திரவம் விளிம்பு வரை நின்று வெயில் பட்டால் விரிய இடமின்றி அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். டேங்கை முன்கூட்டியே ஐஸில் வைத்து, கேனைத் தலைகீழாகப் பிடித்தால் திரவம் தானாக இறங்கும். நிரப்பியதும் மேலே பனி பூக்கும். அது போகும்வரை சில நிமிடம் விடுங்கள். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். ராக்கெட்டை விடுவிக்க இழுக்கும் கயிறு 15 அடியாவது இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்யும் முன் உள்ளூர் ராக்கெட் கிளப்பில் கேளுங்கள். என்.ஏ.ஆர். (தேசிய ராக்கெட் சங்கம்) விதிப்படி சான்றளிக்கப்பட்ட மோட்டார்களுக்கு மட்டுமே களத்தில் அனுமதி. பெரும்பாலும் மறுப்பார்கள், விதிக்கு வெளியே பறந்தால் அவர்களுடைய காப்பீடும் உங்களைக் காக்காது. விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் சிறு ராக்கெட் விதி 125 கிராம் உந்துபொருள், 1,500 கிராம் மொத்த எடை என்பதோடு, பெரிய உலோகப் பாகம் கூடாது என்றும் சொல்கிறது. அலுமினிய டேங்க் அதில் தேறுமா என்பதை அவர்களிடமே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: 100 கிராம் ஆர்-134ஏ வெளியே போனால் சுமார் 143 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், 16 கேலன் பெட்ரோல் எரித்த மாதிரி. பழைய ஃப்ரியான் என்றால் அதைப்போல ஏழெட்டு மடங்கு. அதனால் நான் வருஷத்துக்கு ஒரு பறப்பு என்றே சொல்வேன். கலிஃபோர்னியாவில் இருந்தால் கேனுக்கு 10 டாலர் டெபாசிட் பிடிப்பார்கள், ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.