கேமராவுக்கு உங்க அப்பா வேட்டி தெரியுமா?

இந்த தடவை வந்த ஃபோட்டோ கேள்விகள்ல முக்கால்வாசி, கேமராவே எல்லாத்தையும் முடிவு பண்ற ஆட்டோ மோடு மேல இருக்கற கோபம்தான். ஒவ்வொண்ணா பாத்துடலாம்.

கேள்வி: அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துல அவரை வெள்ளை வேட்டி சட்டையோட வெள்ளை சுவர் முன்னாடி நிக்க வெச்சு எடுத்தேன் சார். வேட்டி அழுக்கு சாம்பல் கலர்ல வந்திருக்கு, முகம் கறுத்துப் போயிருக்கு. அம்மா ஒரே திட்டு. லென்ஸ் மாத்தணுமா? (வாசகர், விருதுநகர்)

லென்ஸை விடுங்க, அது பாவம். கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கற மீட்டருக்கு வேட்டியும் தெரியாது சுவரும் தெரியாது, நீங்க எதைக் காட்டினாலும் அது ஒரு நடுத்தர சாம்பல் கலர்னு வெச்சுக்கிட்டுதான் கணக்கு போடும். ஃபிரேம் முழுக்க வெள்ளையா இருந்தா 'அய்யய்யோ வெளிச்சம் ஜாஸ்தி'ன்னு குறைச்சிடும், அதுல வேட்டி சாம்பலாகும், கூடவே அப்பா முகமும் போச்சு. கருங்கல் மண்டபத்துல போய் எடுத்தீங்கன்னா இதே கதை தலைகீழ், எல்லாம் இருட்டா இருக்கேன்னு அது வெளிச்சத்தைக் கூட்டித் தள்ளும், கல்லு வெளிறிப்போய் விளக்குச் சுடர் வெறும் வெள்ளைத் திட்டா நிக்கும்.

பிளஸ் மைனஸ் போட்ட ஒரு பட்டன் இருக்கும் பாருங்க, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதைத் தேடுங்க. வெள்ளைக்கு பிளஸ் 1ல ஆரம்பிங்க, கருங்கல்லுக்கு மைனஸ் 1. ஃபோன்னா முகத்தைத் தொட்டதும் பக்கத்துல குட்டி சூரியன் மாதிரி ஒண்ணு வரும், அதை மேல இழுத்தா அதேதான். மெனுவுல ஹைலைட் வார்னிங்னு ஒண்ணு இருந்தா அதையும் ஆன் பண்ணி வைங்க, வெளிச்சம் ஓவரான இடம் ஸ்க்ரீன்ல மின்னி மின்னிக் காட்டும். ஜரிகைக் கரை மட்டும் மின்னுச்சுன்னா கவலைப்படாதீங்க, வேட்டி மடிப்பெல்லாம் சேர்ந்து மின்னுச்சுன்னா கொஞ்சம் குறைங்க.

மேடை மாதிரி வெளிச்சம் மாறாத இடத்துல நான் மேனுவல்தான், அதாவது செட்டிங்கை நீங்களே ஒரு தடவை வெச்சு நிறுத்தறதுதான் சொல்லுவேன். பொண்ணு அரக்கு புடவை, மாப்பிள்ளை பட்டு வேட்டி, யாரு பக்கம் கேமராவைத் திருப்பறீங்களோ அதுக்கேத்த மாதிரி ஆட்டோ ஏறி இறங்கிட்டே இருக்கும், அப்புறம் ஆல்பத்துல பக்கத்துக்கு ஒரு வெளிச்சம்.

கேள்வி: ரிசப்ஷன்ல டிக் டிக் சத்தம் வேண்டாமேன்னு சைலன்ட் ஷட்டர் போட்டேன். படம் பூரா குறுக்கால கறுப்புப் பட்டை. சென்சார் போயிடுச்சா? (வாசகர், திண்டுக்கல்)

சென்சார் நல்லாத்தான் இருக்கு, சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 சுத்து, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை விளக்கு மங்கும், அதனால நிறைய விளக்குங்க செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கிப் பிரகாசமாகும், கண்ணுக்குத் தெரியாது. சைலன்ட் ஷட்டர்ல சென்சார் மேலருந்து கீழ வரி வரியா படிக்கும், நிறைய கேமராவுல ஒரு படம் படிச்சு முடிக்கறதுக்குள்ள விளக்கு ரெண்டு மூணு தடவை மங்கிடும், மங்கின நேரத்துல படிச்ச வரியெல்லாம் கறுப்புப் பட்டை.

முதல்ல டிக் டிக்னு சத்தம் போடற மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்க, ஷட்டர் ஸ்பீடு 1/100 செகண்ட் வைங்க. 1/100ங்கறது விளக்கு ஒரு தடவை மங்கி ஏறி முடிக்கற நேரம், அதனால எல்லா வரிக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைச்சிடும். 1/50ம் சரிதான், ஆனா ஆடறவங்க கையெல்லாம் கலங்கிடும். யூட்யூப்ல 1/60, 1/120ன்னு சொல்றாங்களேன்னு கேப்பீங்க, அது அமெரிக்கக் கணக்கு, அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ். இன்னொரு விஷயம், மேடைல கலர் மாத்தி மாத்திப் போடற எல்ஈடி எல்லாம் கரண்ட் கணக்குல ஓடாது, அதுக்குன்னு தனி வேகம் இருக்கும். அங்க 1/100லயும் பட்டை வரலாம், ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி டெஸ்ட் ஷாட் எடுத்துதான் பாக்கணும். இல்லைன்னா ஃபிளாஷைக் கூரைல அடிச்சுத் திருப்புங்க, ஆனா மேல ரோஸ் கலர் துணி கட்டியிருந்தா எல்லார் முகமும் ரோஸ்தான்.

கேள்வி: ரா (RAW) ஃபார்மட்லதான் எடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எடுத்தேன், கேமரா ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு இருந்த படம் லேப்டாப்ல சோகையா இருக்கு. ஏமாத்து வேலையா இது? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

ரான்னா சென்சார்ல பதிஞ்சதை மேக்கப் போடாம வெச்சிருக்கற ஃபைல், கேமரா ஸ்க்ரீன்ல நீங்க பாத்தது அந்த ராவே இல்ல தம்பி. ரா ஃபைலுக்குள்ள கேமரா ஒரு குட்டி ஜேபெக்கை (JPEG, நாம வழக்கமா பாக்கற ஃபோட்டோ ஃபைல்) சேர்த்து வெச்சிருக்கும், அதுல கான்ட்ராஸ்ட், கலர், ஷார்ப்னஸ் எல்லாம் ஏத்தின பிறகுதான் உங்களுக்குக் காட்டும். லேப்டாப்ல சாஃப்ட்வேர் அந்த மேக்கப்பைப் போடாம, இல்ல அதோட சொந்தக் கணக்குல போட்டுத் திறக்குது, அதான் டல்லா தெரியுது.

ராவோட லாபம் வேற எடத்துல இருக்கு. ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 படிதான், 14 பிட் ராவுல 16,384. வெயில்ல நிழல் விழுந்த முகத்தை எடிட்ல தூக்கும்போது ஜேபெக் திட்டுத்திட்டா உடையும், ரா தாங்கும். ஒயிட் பேலன்ஸையும் (வெள்ளை வெள்ளையாவே தெரியற மாதிரி கலரைச் சரிக்கட்டற செட்டிங்) வீட்டுக்கு வந்து நிதானமா மாத்திக்கலாம். ஆனா எடிட் பண்ற பழக்கமே இல்லாதவங்க ராவுல எடுத்து ஹார்ட் டிஸ்க்கை ரொப்பறதுல அர்த்தமில்ல, இது என் கட்சி. கத்துக்கற வரைக்கும் ரா பிளஸ் ஜேபெக் ரெண்டும் வைங்க. புது கேமராவோட ராவை பழைய சாஃப்ட்வேர் திறக்கலைன்னா அடோபியோட டிஎன்ஜி கன்வர்ட்டர் இலவசமாவே கிடைக்குது.

கேள்வி: வீட்லயே புடவை விக்கறேன். மயில் கழுத்து கலர் ஃபோட்டோல ஒரு தடவை நீலம், ஒரு தடவை பச்சை. கஸ்டமர் திருப்பி அனுப்பறாங்க. ரிங் லைட் வாங்கலாமா? (வாசகி, கும்பகோணம்)

வாங்காதீங்கம்மா, ரிங் லைட் புடவைக்கு நேரா முன்னாடிலருந்து அடிக்கும், நெசவே தட்டையாப் போயிடும். மயில் கழுத்துல பாவு (நீளவாக்கு நூல்) ஒரு கலர், ஊடை (குறுக்கு நூல்) ஒரு கலர், பாக்கற கோணம் மாறினா கலரும் மாறத்தான் செய்யும், அதுதான் அந்த புடவைக்கே அழகு. அதனால ஒரு படத்தோட நிறுத்தாதீங்க. ஒரு மடிப்பை லேசா தூக்கிப் பிடிச்சு ரெண்டு கலரும் தெரியற மாதிரி ஒண்ணு, விரிச்சு ஒண்ணு, முடிஞ்சா கையால அசைச்சு ஒரு சின்ன வீடியோ.

நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கத்துல புடவையைப் போடுங்க, வெளிச்சம் பக்கவாட்டுல வரட்டும், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினா நிழல் இளகும். ட்யூப் லைட், பல்பு எல்லாத்தையும் அணைச்சிடுங்க, இது முக்கியம். வெளிச்சத்தோட கலரை கெல்வின்ல அளப்பாங்க, ஜன்னல் வெளிச்சம் 5500 கெல்வின் சுமாருக்கு, இல்ல அதுக்கும் மேல இருக்கும், மஞ்சள் பல்பு 2700 கிட்ட, ரெண்டும் கலந்தா எந்த ஒயிட் பேலன்ஸும் உதவாது. அப்புறம் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வேண்டாம், ஃபிரேம் முழுக்க ஒரே கலர் இருந்தா அது குழம்பிப்போய் எதிர்க் கலரை ஏத்தும். டேலைட்ல நிறுத்திட்டு எல்லாப் புடவையும் அதே இடம், அதே நேரம்.

கேள்வி: ஐஃபோன் படம் ஸ்டூடியோவுல திறக்கவே மாட்டேங்குது. (வாசகி, தாம்பரம்)

2017லருந்து ஐஃபோன் படத்தை ஹெய்க் (HEIC) ஃபார்மட்ல சேமிக்குது, அதை எல்லா சாஃப்ட்வேரும் திறக்காது. செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் வைங்க, இனிமே எடுக்கறது ஜேபெக்ல வரும். ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்லைன்னா சுருக்கிடும். 6க்கு 4 பிரிண்ட்டுக்கு 1800க்கு 1200 பிக்சல் இருந்தா தாராளம்.

கேள்வி: திருவண்ணாமலை கிரிவலத்துல மலையையும் நிலாவையும் சேர்த்து எடுக்கணும். நிலா வெறும் வெள்ளை உருண்டையா வருது. (வாசகர், வேலூர்)

ராத்திரின்னு நெனச்சு ஐ.எஸ்.ஓ.வை (பதிஞ்ச வெளிச்சத்தை கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்கற செட்டிங்) ஏத்திட்டீங்க. நிலா வெயில்ல காயற பாறை சார், அதுக்குப் பகல் செட்டிங்தான்: லென்ஸ் திறப்பு எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100. ஆனா அதுல மலை சுத்தமா கறுத்துடும். ரெண்டும் வேணும்னா பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம் போங்க, அன்னிக்கு சூரியன் மறையறதுக்கு முன்னாடியே நிலா கிழக்குல ஏறிடும், மலைல வெளிச்சம் மிச்சம் இருக்கும். மலைக்கு மேற்குப் பக்கம் நல்லா தள்ளிப் போய் நின்னுக்கோங்க, ட்ரைபாட் வைக்க இடம் கிடைக்கும்.