கேளுங்கள், சொல்கிறேன்: வேரில்லாத காட்டுக்கு யார் உரம் போடுவது?

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை எனக்கு. மகளோடு டிவியில் கடலுக்கடியில் ஒரு பாசிக் காட்டைப் பார்த்தேன். ராட்சதக் கெல்ப் என்றார்கள். ஒரே நாளில் இரண்டடி வளருமாம், ஆனால் வேர் கிடையாதாம். பிறகு சத்து எங்கிருந்து கிடைக்கிறது? நம் கடலில் ஏன் அது இல்லை?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, உரம் போடுகிறவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். தமிழ்ப்பள்ளியில் இத்தனை வருடம் அறிவியல் நடத்தினேன், என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

கெல்ப் மரமுமில்லை, செடியுமில்லை, பழுப்புப் பாசி. அடியில் விரல் விரலாகப் பின்னிக் கிடப்பது பாறையைப் பிடித்துக்கொள்ளத்தான். சத்து உறிஞ்ச அல்ல. நீங்கள் மரத்தைச் சுற்றி உரம் தூவுகிறீர்கள், வேர் இழுத்துக்கொள்கிறது. கெல்புக்கு உடம்பெல்லாம் வாய். சுருக்கம் விழுந்த அதன் இலைகள் கடல்நீரிலிருந்தே நைட்ரேட் என்ற தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் இடத்தில் குட்டிச் சுரைக்காய் போல ஒரு காற்றுப்பை இருக்கும். அந்தப் பைகள் தூக்கிப் பிடிப்பதால்தான் 30 மீட்டர் நீளத் தண்டும் நிமிர்ந்து நிற்கிறது. மேலே வந்ததும் நீர்ப்பரப்பில் படர்ந்து வெயில் காயும். அங்கே சமைத்த உணவு தண்டுக்குள்ளிருக்கும் நுண்குழாய்கள் வழியே, வெளிச்சம் குறைந்த அடிப்பகுதிக்கு இறங்கும். என் அம்மா பால்மரம் சீவியவர். மரப்பட்டை வழியேதான் உணவு கீழே இறங்குகிறது என்று படித்த அன்று, அம்மா ஏன் பட்டையை அவ்வளவு பதமாகச் சீவினார் என்று எனக்குப் புரிந்தது.

இரண்டடி வளர்வது உண்மைதான்; தண்ணீர் குளிர்ந்து, சத்தும் வெளிச்சமும் சேர்ந்து அமைந்தால்.

நம் கடலில் ஏன் இல்லை? தெலுக் பாத்தேக்கில் கால் நனைத்திருப்பீர்கள், தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். மலாக்கா நீரிணையில் ஏறக்குறைய 29 டிகிரி. கெல்புக்கு 20 டிகிரிக்குக் கீழே வேண்டும். அதனால்தான் கலிஃபோர்னியா, சிலி, தாஸ்மேனியா, நியூசிலாந்து என்று குளிர்ந்த கரைகளில் வாழ்கிறது. ஆனால் சூடு மட்டும் காரணமில்லை, பசியும்தான். கலிஃபோர்னியாக் கரையில் காற்று மேல்நீரை அப்பால் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் நைட்ரேட்டோடு மேலே வருகிறது. அந்தக் காட்டுக்கு உரம் போடுவது அந்த நீர்தான். மேல்நீர் சூடாகிவிட்டால் உரம் நின்றுபோகும். 1982-83இல், பசிபிக் கடலின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தபோது, அங்கே காடு காடாக அழிந்தது இப்படித்தான். தாஸ்மேனியாவை நினைத்தால் மனசு கனக்கிறது. அங்கே பெரும்பகுதி போய்விட்டது. 2012இல் ஆஸ்திரேலிய அரசு அந்தக் காடுகளை அழியும் ஆபத்தில் உள்ளவை என்று பட்டியலில் சேர்த்தது.

எதிரியும் உண்டு. இளங்கன்றின் அடியை முள்ளம்பன்றி கடித்துச் சாய்ப்பதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்கள். கெல்ப் காட்டில் அந்த வேலையைக் கடல் முள்ளெலி செய்கிறது; பெயர்தான் எலி, உடம்பெல்லாம் முள்ளான உருண்டைக் கடலுயிர் அது. பிடிப்பை அரித்துவிட்டால் முழுக் கெல்பும் அலையோடு போய்விடும். அந்த முள்ளெலியைத் தின்பது கடல் நீர்நாய். எலிக்காக நாம் ஆந்தைக் கூடு வைக்கிறோமே, அதே கணக்கு. ரோமத்துக்காக நீர்நாயை வேட்டையாடித் தீர்த்த இடங்களில் முள்ளெலி பெருகிப் பாறை மொட்டையானது.

உங்கள் மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். செம்பனையில் புது மட்டை உச்சியில் வரும். பழைய மட்டையை நாம் வெட்ட வேண்டும். கெல்பில் புதுத் தண்டு அடியிலிருந்து எழும்பும். பழையது ஆறேழு மாதத்தில் தானே நைந்து கழன்றுவிடும்.