கோப்பையை எண்ணுகிறவர்களுக்கு, தோற்ற குழுவின் கோல் காவலர் எழுதுவது

கேள்வி: 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் வட அமெரிக்காவின் NHL ஐஸ் ஹாக்கி லீகின் ஸ்டான்லி கோப்பை இறுதியில் தன் அணி தோற்ற பிறகும் கானர் மக்டேவிட்டை வேய்ன் கிரெட்ஸ்கியோடு ஒப்பிடுகிறார்கள். கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் அணியை வெல்ல வைக்காதவரை மகத்தான ஐஸ் ஹாக்கி வீரர் என்று எப்படிச் சொல்வது?

உங்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கலாம். விடுதியிலோ மாமாக் கடையிலோ நண்பர் ஒருவர் "கோப்பை எங்கே, காட்டு" என்று கேட்டு உங்கள் வாயை அடைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்காமல் அவருடைய வாதத்தையே கேள்வியாக இங்கே போட்டிருக்கிறீர்கள். என் ஊகம் தவறென்றால் மன்னியுங்கள். சரியென்றால் இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். அவர் இங்கே வந்து என்னோடு சண்டை போட மட்டும் வேண்டாம்.

நான் ஐஸ் ஹாக்கி ஆடியவன் அல்ல. ஸ்கேட் காலணியை வாழ்க்கையில் இரண்டு முறை மாட்டினேன். இரண்டு முறையும் உட்காரும் இடத்தில்தான் அடி. நான் ஆடியது புல்தரை ஹாக்கி, கோலாலம்பூர் செந்தூலில், கோல் காவலராக. "வெயில் ஊரில் இருப்பவனுக்குப் பனிக்கட்டி விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்" என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டியில் ஐஸ் ஹாக்கி முதன்முதலில் சேர்க்கப்பட்டதே 2017இல் இதே கோலாலம்பூரில்தான். மக்டேவிட்டின் எட்மன்டன் அணி கனடாவில் மாலை ஏழு மணிக்கு ஆடினால் இங்கே மறுநாள் காலை ஒன்பதோ பத்தோ ஆகும். நல்ல அலுவலக நேரம். எத்தனை ஆண்டுகளாக மேசைக்கு அடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு பார்க்கிறேன் என்பது என் மேலாளருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கோப்பை எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் முதல் இடம் கிரெட்ஸ்கிக்குக் கிடைக்காது. 11 கோப்பை வென்ற ஆன்ரி ரிஷாருக்குப் போகும். அவரைக் குறை சொல்லவில்லை, மான்ட்ரியல் ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் ஆடிய காலத்தின் பெரும்பகுதியில் லீகில் இருந்தவை ஆறே அணிகள். இன்றைக்கு 32. கிரெட்ஸ்கிக்குக் கிடைத்தவை நான்கு கோப்பைகள், நான்கும் எட்மன்டனில், 1984 முதல் 1988 வரை. 1988 ஆகஸ்டில் அவரை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் 11 பருவங்கள் ஆடினார், ஒரு கோப்பையும் இல்லை. எட்மன்டனோ அவர் இல்லாமலேயே 1990இல் வென்றது. உங்கள் நண்பரின் கணக்குப்படி கிரெட்ஸ்கி விமானம் ஏறும்போது மகத்தானவர், இறங்கும்போது சாதாரண ஆள். போட்ட கோலும் போட உதவிய கோலுமாக 2,857 புள்ளிகள் எடுத்த மனிதரைப் பற்றி அப்படிச் சொல்ல நாக்கு வருமா?

இன்னொன்று. முன்னணித் தாக்குதல் வீரர் 60 நிமிட ஆட்டத்தில் களத்தில் நிற்பது இருபது, இருபத்திரண்டு நிமிடம். மீதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். அந்த நாற்பது நிமிடத்தில் மற்றவர்கள் விடுகிற கோலையும் அவர் பெயரிலேயே பற்று எழுதுகிறீர்கள்.

கோல் காவலர் கதை வேறு. அவர் முழு நேரமும் நிற்கிறார், ஆனால் எதிர்முனைக்குப் போய் கோல் போட முடியாது. என் புண் அங்கேதான் இருக்கிறது.

1985. நான் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம். எங்கள் பள்ளிக் குழுவில் மட்டையைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். மற்ற ஆறு பேர் ஆசிரியர் கூப்பிட்டதால் வந்தவர்கள். கால் கவசம் பள்ளியில் ஒரே ஒரு ஜோடி. இடது கவசத்தின் வார் அறுந்துபோய், அம்மா பழைய சேலைக் கரையைக் கிழித்துத் தைத்துக் கொடுத்திருந்தார். அந்தக் குழு அரையிறுதி வரை போனது எங்களுக்கே வியப்பு. (ஒரு பள்ளி ஆட்டத்துக்கே வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பழைய மாணவர் யாராவது கீழே வந்து எழுதுவார்.) அரையிறுதியில் எதிரே நின்றது ஹாக்கிக்கென்றே பேர் வாங்கிய பள்ளி.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அன்றைக்கு அரை நாள் விடுப்பு எடுத்து, ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தேயோடு திடலின் ஓரத்தில் குந்தியிருந்தார். கடலையைச் சட்டையின் இடது பைக்குள் கொட்டிக்கொண்டார். நான் ஒரு பந்தைத் தடுக்கும்போதெல்லாம் ஒரு கடலையை எடுத்து வலது பைக்குள் போட்டார். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு பெனால்டி கார்னர். பந்து எங்கள் ஆள் ஒருவரின் முழங்காலில் பட்டுத் திசை மாறி, நான் விழுந்த பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக உள்ளே போனது. 0-1. வலது பையில் 23 கடலை இருந்தது. பஸ் நிறுத்தத்தில் இருவரும் அவற்றைத் தின்றுவிட்டோம், அதனால் இன்று என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

எதிர்முனைக் கோல் காவலர் பாதி ஆட்டம் கம்பத்தில் சாய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பள்ளி இறுதியிலும் வென்றது. கோலாலம்பூர் குழுவின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு அவருக்குப் போனது. எங்கள் ஆசிரியர் போய் விசாரித்தபோது, "வெற்றி பெற்ற குழுவின் கோல் காவலர் அல்லவா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் வங்கிகள் ஹாக்கிக் குழு வைத்திருந்தன. ஆட்டக்காரர்களுக்கு வேலையும் கொடுத்தன. அவருக்கு ஒரு வங்கியில் இடம் கிடைத்தது. நான் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான். அதற்காக என் கணக்கு தப்பாகிவிடாது.

பத்து ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்தில் இருவருக்கும் ஒரே மேசை. அவரே பேச்சை எடுத்தார். "அன்றைக்கு என்னிடம் பந்து வந்தது மூன்று முறைதான், ஐயா. அதிலும் ஒன்றைக் கம்பம் தடுத்தது" என்றார். நல்ல மனிதர். எனக்கு எரிச்சலே அதுதான்; கெட்டவராக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டாவது எழுந்து வந்திருப்பேன்.

இப்போது ஐஸ் ஹாக்கி. 1999 ஜூனில் டொராண்டோவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்காபரோவில் வீடு. அத்தான் யாழ்ப்பாணத்துக்காரர், ஆனால் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மேப்பிள் லீஃப்ஸ் அணிக்குத் தன்னை எழுதிக் கொடுத்துவிட்டவர். அந்த ஆண்டு லீஃப்ஸை பஃபலோ அணி வீழ்த்தி இறுதிக்குப் போயிருந்தது. அந்த வயிற்றெரிச்சலில் அத்தான் எதிரணியான டாலஸுக்காகக் கத்திக்கொண்டிருந்தார். நானோ பஃபலோவின் கோல் காவலர் டொமினிக் ஹாஷெக்கைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. மனிதர் படுத்தார், உருண்டார், மட்டையைக் கீழே போட்டுவிட்டு பந்துக்குப் பதில் இருக்கும் வட்டை வெறுங்கையால் பிடித்தார். எங்கள் பயிற்சியாளர் பார்த்திருந்தால் செய்யக்கூடாதவை என்று பட்டியல் போட்டிருப்பார். ஆனால் வட்டு மட்டும் உள்ளே போகவில்லை.

ஜூன் 19, ஏழு ஆட்ட இறுதித் தொடரில் ஆறாவது ஆட்டம். மூன்று கூடுதல் நேரப் பகுதிகள் வரை இழுத்தது. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், ஏறத்தாழ 115ஆவது நிமிடத்தில், பிரெட் ஹல் கோல் போட்டார். 2-1, கோப்பை டாலஸுக்கு. ஹல்லின் ஒரு கால் கோல் காவலரின் நீலப் பகுதிக்குள் இருந்தது. வட்டு போய்ச் சேரும் முன் தாக்குபவரின் கால் அங்கே இருந்தால் கோல் செல்லாது என்பது அந்தப் பருவத்து விதி. வட்டு ஏற்கனவே அவர் வசம் இருந்ததால் கோல் செல்லும் என்றது லீக். அடுத்த பருவத்தில் அந்த விதியையே கைவிட்டார்கள். அதைப் பற்றி நான் இங்கே வாதாட வரவில்லை. 115 நிமிடத்தில் ஹாஷெக்கின் அணி போட்டது ஒரே ஒரு கோல். அத்தான் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து, "பார்த்தாயா, பெரிய ஆட்டத்தில் விட்டுவிட்டார். இவர் எல்லாம் பெரிய ஆள் இல்லை" என்றார். அந்த இரவு நான் தூங்கவில்லை. காலையில் அக்கா வைத்த புட்டும் இறங்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டுதான் நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் ஐந்து பெனால்டி அடிகளையும் ஒருவராகத் தடுத்தவர் அவர். கிரெட்ஸ்கி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். லீகின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதை 1997, 1998 இரண்டிலும் பெற்றவர். இதெல்லாம் பஃபலோ அணியில் இருந்த காலத்தில்.

பிறகு டெட்ராய்ட்டுக்குப் போனார். 2002இல் கோப்பை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 37. அவர் பக்கத்தில் நின்று கோப்பையைத் தூக்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே பிரெட் ஹல். 2008இல் இரண்டாவது கோப்பையும் வந்தது; அந்த முறை பிளேஆஃப் தொடக்கத்திலேயே அவரை வெளியே எடுத்துவிட்டு கிறிஸ் ஆஸ்குட்டை நிறுத்தினார்கள். பெஞ்சிலிருந்து வென்றார். 1999இல் மலையைப் பிடித்து நிறுத்தியவர் சிறியவர், 2008இல் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தவர் பெரியவர் என்றால், அப்படிச் சொல்கிறவர் ஆட்டத்தையே பார்க்கவில்லை என்றுதான் நினைப்பேன்.

ஆஸ்குட் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். அவரிடம் கோப்பைகள் மூன்று. நியூயார்க்கின் கோல் காவலர் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்டிடம் ஒன்றுகூட இல்லை. லுண்ட்க்விஸ்டை 2023இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். ஆஸ்குட்டுக்கு இந்தப் பதிலை எழுதும்வரை அங்கே இடம் இல்லை.

பிளேஆஃப் ஆட்டமே கணக்கில் வரக்கூடாது என்று நான் சொன்னதாக யாரும் திரித்து எழுத வேண்டாம். அங்கே ஒருவர் என்ன செய்தார் என்பது கட்டாயம் கணக்கில் வரும். 2024இல் மக்டேவிட் பிளேஆஃபில் 42 புள்ளிகள் எடுத்தார். 0-3 என்று கிடந்த இறுதித் தொடரை அணி ஏழாவது ஆட்டம் வரை இழுத்து வந்தது, 2-1 என்று தோற்றது. தோற்ற அணியில் இருந்தும் சிறந்த பிளேஆஃப் வீரருக்கான கான் ஸ்மைத் விருது அவருக்கே போனது. அதை வாங்க அவர் களத்துக்கு வரவில்லை. ஆறாவது, ஏழாவது ஆட்டங்களில் அவருக்குப் புள்ளி இல்லையே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி, நான் வாயை மூடிக்கொள்வேன். ஏனென்றால் அது அவரைப் பற்றிய கேள்வி.

நம் ஊரிலேயே பாருங்கள். 2014 தாமஸ் கிண்ணப் பூப்பந்து இறுதியில் லீ சோங் வெய் தன் ஆட்டத்தை வென்றார். மலேசியா ஜப்பானிடம் 2-3 என்று தோற்றது. அன்றைக்கு அவரிடம் "கிண்ணம் எங்கே" என்று கேட்க முடியுமா?

கேட்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். என் மகள் இடைநிலைப்பள்ளியில் நெட்பால் ஆடினாள், மூன்று ஆண்டுகள், மழையிலும் வெயிலிலும். குழு மாவட்டத்தில் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடும். அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விளையாட்டு போன்ற புறப்பாடத்துக்குப் பத்து விழுக்காடு வைத்திருக்கிறார்கள். அதில் எந்த நிலை வரை போனாய், என்ன இடம் பிடித்தாய் என்பதற்கெல்லாம் புள்ளி. மாற்று ஆட்டக்காரியாக மாநிலம் வரை போன பிள்ளைக்கு என் மகளைவிட அதிகம் வந்தது. ஆசிரியையிடம் கேட்டேன். விண்ணப்பப் பாரத்தில் அப்படித்தான் கட்டம் இருக்கிறது என்றார். பாரம் தயாரித்தவரை எங்கே போய்ப் பிடிப்பது? மகள் இப்போது நன்றாகவே படித்துக்கொண்டிருக்கிறாள், யாரும் இரக்கப்பட வேண்டாம். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றும் தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அத்தானுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அதே ஸ்காபரோ வீடு, அதே சாய்வு நாற்காலி. லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1967இல். வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுகிறோம். கோப்பைக் கணக்கை அவர் இப்போதெல்லாம் எடுப்பதில்லை. ஹல்லின் கால் உள்ளேதான் இருந்தது என்று போன மாதம் அவராகவே சொன்னார்.